காரணம் நானே

எங்கள் முதலாளி குரோசே மூன்று நாள் ஒசாகாவுக்குப் போய் வந்தார். போகும்போது மீன் வியாபாரி. வரும்போது ஞானி. நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஏதோ ஒரு ஹோட்டலில், கழுத்தில் பெயர் அட்டையை மாட்டிக்கொண்டு, இன்னும் பல முதலாளிகளோடு சேர்ந்து உட்கார்ந்து அழுதாராம். அழுது முடித்ததும் அவருக்கு ஓர் உண்மை விளங்கியதாம். ஒருவனுக்கு நடக்கும் எல்லாவற்றுக்கும் அவனே காரணம். அடுத்தவனைக் குற்றம் சொல்கிறவன் வளர மாட்டான்.

நல்ல உண்மைதான். தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவர் அதை எங்களுக்கு வாங்கி வந்த பரிசு மாதிரி விநியோகம் செய்துவிட்டார், தனக்கென்று ஒன்றுகூட மிச்சம் வைக்காமல்.

நாங்கள் செய்வது கமபோகோ. மீனை அரைத்து, உப்புப் போட்டுப் பிசைந்து, சிறு பலகையில் அரைவட்டமாக அப்பி வேகவைப்பது. மேலே சிவப்பு பூசியது ஒன்று, முழுக்க வெள்ளை ஒன்று. புத்தாண்டு அன்று இந்த இரண்டும் தட்டில் இல்லாத வீடு கிடையாது. அதனால் டிசம்பர் முழுக்க எங்களுக்கு வீடே கிடையாது.

ஒசாகாவுக்கு முன்பும் காலைக் கூட்டம் உண்டு. வட்டமாக நிற்போம், இன்றைக்கு எத்தனை பெட்டி என்று மேற்பார்வையாளர் இபுகா சொல்வார், கலைந்துவிடுவோம். ஒசாகாவுக்குப் பிறகு அது வழிபாடாகிவிட்டது. 'தினம் ஒரு வெளிச்சம்' என்று ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். ஒரு நாள் பட்டுப்புழுவின் கூடு, ஒரு நாள் மூங்கிலின் கணு, ஒரு நாள் செருப்பை ஒழுங்காக விடுவதால் வரும் மனத்தெளிவு. அன்றைய பக்கத்தை ஒருவர் வாசித்துவிட்டு, தன் வாழ்க்கையில் தான் செய்த தவறு ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகு பாராட்டுச் சுற்று. பேசியவருக்கு இடப்பக்கம் நிற்பவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரும் "கற்றுக்கொண்டேன்" என்று சொல்லி, பேசியவர் செய்ததில் எதைத் தானும் செய்யப்போகிறார் என்று சொல்லி, "இன்றே செய்கிறேன்" என்று முடிக்க வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது. மறுத்துப் பேசக் கூடாது. வட்டத்துக்குள் சொன்னது சொன்னதுதான். கடைசியாக முதலாளி ஆள்காட்டி விரலைத் தன் நெஞ்சில் குத்தி, "காரணம் நானே!" என்று கத்துவார். நாங்களும் எங்கள் நெஞ்சில் குத்திக்கொண்டு அதையே திருப்பிக் கத்துவோம். பிறகுதான் மீனைத் தொடலாம்.

ஒருமுறை புயலில் சாலை அடித்துக்கொண்டு போய் ஒருவர் தாமதமாக வந்தார்.

"புயலுக்கு யார் காரணம்?" என்றார் முதலாளி, கண்ணை மூடிக்கொண்டு.

"புயல்தான், முதலாளி."

"முந்தின நாளே கெளம்பாதது யாரு?"

அந்த ஆள் நெஞ்சில் குத்திக்கொண்டார்.

குளிர்பதன அறை பழுதானபோது, அந்த இயந்திரத்துக்கு நாங்கள் இத்தனை வருஷமாக நன்றி சொல்லாததே காரணம் என்று தீர்ப்பாயிற்று. ஒரு வாரம் வரிசையாக நின்று அதற்குக் குனிந்து வணக்கம் போட்டோம். அதன் பிறகும் அது செத்தே போனது. மெக்கானிக் வந்து, "இருபது வருஷமா பாகம் மாத்தல" என்றார். அவருக்கு வட்டத்தில் இடம் இல்லாததால் அது யார் காதிலும் விழவில்லை.

ஆனால் மீன் விலை ஏறினால் அதற்குக் காரணம் டோக்கியோவில் உட்கார்ந்திருக்கும் அமைச்சர்கள். விற்பனை குறைந்தால், காலையில் ரொட்டி தின்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகள். கோல்ஃப் ஆட்டத்தில் தோற்றால், கடல் காற்று. அவர் நெஞ்சில் அத்தனை முறை விரல் குத்தியும் ஒரு காரணம்கூட உள்ளே போகவில்லை.

நிறுவனத்தின் அறுபதாம் ஆண்டு நிறைவுக்கு எல்லாருக்கும் பரிசு என்றார்கள். துண்டு வரும் என்று சிலர் சொன்னார்கள், தேயிலை டப்பா என்று சிலர். வந்தது குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம். உள்ளங்கை அகலம், கருநீலம், முதலாளியே தூரிகை பிடித்து எழுதிய வெள்ளை எழுத்தில்: காரணம் நானே.

"கதவுல ஒட்டுங்க. ஒவ்வொரு தடவ முட்டை எடுக்கப் போகும்போதும் நீங்க வளருவீங்க" என்றார்.

"எங்க வீட்டுல ஒட்டினதிலேர்ந்து முட்டை எடுக்கவே கூச்சமா இருக்கு" என்று என் காதில் சொன்னாள் மினோவா. "நான் என்னமோ கோழிகிட்ட தப்பு பண்ணிட்ட மாதிரி பாக்குது."

மினோவா அறுக்கும் மெஷினில் நிற்பவள். நான் அவளுக்குப் பக்கத்து மேசையில் பெட்டி கட்டுபவள். அவளை விடப் பத்து வயது மூத்தவள் என்பதால் எனக்கு ஒரு 'இனோமாதா-சான்' போடுவாளே தவிர, மரியாதை அதோடு சரி. வேலை நேரத்தில் சுருதி இல்லாமல் பாடுவாள். யாராவது நிறுத்தச் சொன்னால் இன்னும் சத்தமாகப் பாடுவாள்.

அந்த மெஷினின் சுழலும் கத்திக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு மூடி உண்டு. மூடியின் ஓரத்தில் ஒரு காந்தம், அதற்கு எதிரே மெஷினில் ஒரு உணர்கருவி. மூடி மூடியிருந்தால்தான் கத்தி சுழலும், திறந்தால் நின்றுவிடும். துண்டுகள் அடிக்கடி சிக்கும். ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து, சிக்கலை எடுத்து, மூடி, மறுபடி ஓட்ட வேண்டும். செய்தவன் மடையன் இல்லை, மனிதனுக்கு விரல் இருக்கிறது என்று தெரிந்து செய்திருக்கிறான்.

டிசம்பர் நெரிசலில் இபுகா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மினோவா-சான், அந்த அறுபதாம் வருஷக் காந்தம் இருக்குல்ல, நாளைக்கு வீட்டுலேர்ந்து எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு?"

"இங்க ஒட்டினா மூடி தெறந்திருந்தாலும் ஓடும். முதலாளியே சொல்லிட்டாரு, புத்தாண்டு வரைக்கும் வேகம்தான் முக்கியம்னு."

மறுநாள் அவள் கொண்டுவந்து உணர்கருவியின் மேல் ஒட்டினாள். மூடியில்லாமல் கத்தி சுழன்றது. எங்கள் நிறுவனத்தில் அந்த வாசகத்தை நம்பி ஏமாந்த முதல் ஜீவன் அந்த மெஷின்தான்.

வருஷக் கடைசி வாரத்தில் அது நடந்தது. பாட்டு நின்றதால்தான் நான் திரும்பிப் பார்த்தேன். மினோவா கத்தவில்லை. "அட" என்றாள், கையிலிருந்து சாவி நழுவினால் சொல்வது போல. வலது கை ஆள்காட்டி விரலில் முதல் கணு வரை இல்லை. அந்த வரிசையில் அறுபட்ட வெள்ளைக் கமபோகோ எதுவும் வெள்ளையாக இல்லை.

இபுகா ஓடி வந்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், முதலில் அவள் கையைத்தான் பிடித்தார், துணியைச் சுற்றி உயரத் தூக்கினார். இரண்டாவதாக, மற்றொரு கையால் காந்தத்தைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டார். அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் மூச்சுகூட விடவில்லை. காரில் ஏறியதும் மூன்றாவதைச் செய்தார்.

"ஆஸ்பத்திரில கேப்பாங்க. வீட்டுல வெள்ளரிக்கா நறுக்கும்போதுன்னு சொல்லிடுங்க. வேலை நேரத்து விபத்துன்னா அதிகாரிங்க வந்து வருஷக் கடைசில எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க. எல்லாருக்கும் கஷ்டம்."

வலியில் எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்பேன் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். டாக்டர் வெள்ளரிக்காயை நம்பினாரா என்று தெரியாது. வேலைக்குப் போட்டுக்கொள்ளும் ரப்பர் பூட்ஸோடு, தலையில் வலையோடு உட்கார்ந்து வெள்ளரிக்காய் என்று சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை காந்தம் அதே இடத்தில் ஒட்டியிருந்தது. மெஷினுக்கு முன்னால் என்னை நிறுத்தியிருந்தார்கள்.

"இபுகா-சான், இது மறுபடியுமா?"

"பாத்து செய்ங்க, இனோமாதா-சான். நீங்க நிதானமானவங்க."

நான் நிதானமாக நடுங்கினேன்.

முதலாளி மினோவாவைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனார். ஒரு பெட்டி ஆரஞ்சு, 'தினம் ஒரு வெளிச்சம்' ஒரு பிரதி. அவளிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்பதை அவர் யோசிக்கவில்லை.

"மினோவா-சான், அந்த நேரத்துல உங்க மனசு எங்க இருந்துச்சு?"

"விரல்ல இருந்துச்சு, முதலாளி."

"அதுக்கு முன்னாடி?"

"கமபோகோல."

"கோபப்படாதீங்க. கோபம் வளர விடாது. அந்தக் காந்தம் யாரோடது?"

"நீங்க குடுத்தது."

"இப்ப யாரோடது?"

"என்னோடது."

"பாத்தீங்களா?" என்று கண்ணை மூடிக்கொண்டாராம். கண்ணைத் திறந்தபோது அவள் கணவன் வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றானாம்.

பிப்ரவரியில் மினோவா திரும்பி வந்தாள். கட்டோடு இருந்த கைக்குப் பெட்டி எண்ணும் வேலை. அறுக்கும் மெஷின் என்னிடமே இருந்தது. புத்தாண்டு முடிந்து ஒரு மாதமாகியும் காந்தம் எடுக்கப்படவில்லை. வேகம் ஒருமுறை பழகிவிட்டால் அதுவே கணக்காகிவிடுகிறது. வீட்டில் சோற்றுக் கிண்ணத்தைப் பிடிக்கும்போதெல்லாம் என் விரல்களை ஒரு முறை பார்த்துக்கொள்வேன்.

அந்த நேரத்தில்தான் மாவட்ட அளவில் காலைக் கூட்டப் போட்டி வந்தது. ஆமாம், அப்படி ஒன்று இருக்கிறது. எந்த நிறுவனத்தின் காலைக் கூட்டத்தில் குரல் கணீரென்று இருக்கிறது, முதுகு நேராக இருக்கிறது, எல்லாரும் ஒரே கோணத்தில் குனிகிறார்கள் என்றெல்லாம் மதிப்பெண் போடுவார்கள். எங்களைப் பார்க்க நடுவர்கள் மூன்று பேர் வரப்போகிறார்கள் என்று அறிவித்த முதலாளி, மினோவாவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அவள் பேச வேண்டியதை அவரே எழுதியிருந்தார்.

உடை மாற்றும் அறையில் எனக்கு அதை வாசித்துக் காட்டினாள்.

"'என் விரல் நுனியை இழந்தேன். என் பார்வையைப் பெற்றேன்.' இது முதல் வரி."

"அடப்பாவி."

"இருங்க, இன்னும் இருக்கு. 'அந்தக் கத்தி என்னை வெட்டவில்லை, என் கவனக்குறைவையே வெட்டியது.' அப்பறம் கடைசில, 'நன்றி, கத்தியே.'"

"கத்திக்கு நன்றியா?"

"குளிர்பதன அறைக்குச் சொன்னோமே. கத்திக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சன?"

அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. என் கோபம் அவள் மேலும் கொஞ்சம் பாய்ந்தது.

"நீ இத வாசிக்கப் போறியா? வாசிச்சா என்ன ஆகும் தெரியுமா? மூணு பேர் முன்னாடி நீயே உன் தப்புன்னு சொன்னதா ஆயிடும். வெள்ளரிக்கா நெசமாயிடும். காந்தம் அங்கயே இருக்கும். அடுத்த விரல் என்னோடது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் தாளை மடித்துத் தன் அலமாரியில் வைத்தாள். இடது கையால் மடித்ததால் கோணலாக மடிந்தது. அந்தக் கோணலைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அத்தனை நாளில் அவள் முகத்தில் நான் பார்த்திராத ஒரு கோபம்.

"இனோமாதா-சான், நான் காரணம்னு சொல்லுன்னு ரெண்டு மாசமா எல்லாரும் சொல்றாங்க. சொல்லிடறேன். முழுசா சொல்லிடறேன். நாளைக்கு எனக்கு இடப்பக்கமா நின்னுக்குங்க."

மறுநாள் நடுவர்கள் வந்தார்கள். வயதான ஆண்கள் இருவர், கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி. மூவருக்கும் உள்ளே போட்டுக்கொள்ளப் புதுச் செருப்பு கொடுத்து, வட்டத்துக்கு வெளியே நாற்காலி போட்டிருந்தார் இபுகா. முதலாளி எங்களைப் போலவே வேலைச் சட்டை போட்டிருந்தார், அவருடையதில் மட்டும் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அன்றைய பக்கத்தின் தலைப்பு பொறுப்பு. பக்கம் எப்படி அன்றைக்குச் சரியாக அமைந்தது என்று நடுவர்கள் வியந்தார்கள். முதலாளி பணிவாகத் தலை குனிந்தார். நேற்றைய பக்கமும் நாளைய பக்கமும் கருவாட்டைப் பற்றியும் துடைப்பத்தைப் பற்றியும் இருந்ததால் அவர் தேதியைத் தேடித்தான் பிடித்திருக்க வேண்டும்.

மினோவா ஒரு அடி முன்னால் வந்தாள். கையில் தாள் இல்லை. முதலாளி அதைக் கவனித்து, மனப்பாடம் செய்துவிட்டாள் என்று நினைத்து, திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

"போன டிசம்பர்ல இங்க அறுக்கற மெஷின்ல என் விரல் போச்சு. காரணம் நானே."

முதலாளி மூடிய கண்ணோடு தலையாட்டினார். கண்ணாடிப் பெண் எதையோ குறித்துக்கொண்டாள்.

"கத்திக்கு மேல மூடி இருக்கணும். அத தெறந்து வச்சு ஓட்ட, காந்தத்த ஒட்டச் சொன்னாங்க. சொன்னவங்க யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அடுத்தவங்களக் குத்தம் சொன்னா வளர முடியாது. ஒட்டினது என் கை. மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. காரணம் நானே."

முதலாளியின் கண்கள் திறந்தன.

"ஆஸ்பத்திரில, வீட்டுல வெள்ளரிக்கா நறுக்கினேன்னு சொன்னேன். அப்படிச் சொல்லச் சொன்னது யாருன்னும் சொல்ல மாட்டேன். பொய் சொன்னது என் வாய். காரணம் நானே. நான் இல்லாதப்போ அதே காந்தத்த ஒட்டி, அதே எடத்துல இனோமாதா-சான நிறுத்தினாங்க. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வீட்டுல ஒக்காந்து ஆரஞ்சு தின்னேன். அதுக்கும் காரணம் நானே."

கட்டுப்போட்ட கையைச் சட்டைப் பைக்குள் விட்டு அந்தக் கருநீலக் காந்தத்தை எடுத்தாள். அன்று காலை யாரும் வருவதற்கு முன்பே வந்து மெஷினிலிருந்து பிடுங்கியிருக்கிறாள். எழுத்து நடுவர்கள் பக்கம் தெரியும்படி உயர்த்திப் பிடித்தாள்.

"இது என்னோடதுன்னு முதலாளி எனக்குப் புரிய வச்சாரு. அதனால இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். இன்னிலேர்ந்து மூடி மூடாம அந்த மெஷின நான் ஓட்ட மாட்டேன். வேற யாராவது ஓட்டினாலும், பாத்துட்டு சும்மா இருந்தது நானாயிடும். அதனால ஓட்டவும் விட மாட்டேன். இதுதான் என் பொறுப்பு."

குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

"மினோவா-சான், இந்த விஷயத்த நாம அப்பறம்..." என்று ஆரம்பித்தார் இபுகா.

"மன்னிக்கணும்," என்றார் வயதான நடுவர்களில் ஒருவர், மிக மென்மையாக. "பாராட்டுச் சுற்றுக்கு முன்னாடி வேற பேச்சு உண்டா? நீங்க எழுதிக் குடுத்த விதிமுறைல அப்படி இல்லையே."

இபுகா வாயை மூடினார். மதிப்பெண் போய்விடும்.

இடப்பக்கம் நின்றது நான். இத்தனை வருஷத்தில் பட்டுப்புழுவிடமும் மூங்கிலிடமும் செருப்பிடமும் கற்றுக்கொண்டதாக எத்தனையோ முறை பொய் சொன்ன வாய் இது. முதுகை நேராக வைத்தேன்.

"கற்றுக்கொண்டேன். மூடி இல்லாமல் மெஷினை ஓட்ட மாட்டேன். இன்றே செய்கிறேன்."

எனக்கு அடுத்து மீன் அரைக்கும் ஆள். புயலில் தாமதமாக வந்து நெஞ்சில் குத்திக்கொண்டவர் அவர்தான்.

"கற்றுக்கொண்டேன். அரைக்கற மெஷின் மூடியும் ஆணி போட்டுத் தெறந்தே வச்சிருக்கு. அதையும் மூடறேன். இன்றே செய்கிறேன்."

அப்படியே போயிற்று. வேகவைக்கும் இடத்தில் நிற்பவர்கள், கழுவுகிறவர்கள், பெட்டி கட்டுகிறவர்கள். யாரும் குரல் உயர்த்தவில்லை. ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் எது உடைந்திருக்கிறது, எது கழற்றப்பட்டிருக்கிறது என்று சொல்லி, இன்றே செய்கிறேன் என்று குனிந்தார்கள். எல்லாரும் ஒரே கோணத்தில் குனிந்தார்கள் என்பதை நானே கவனித்தேன். கண்ணாடிப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள்.

இபுகாவின் முறை வந்தது. அவர் கழுத்து சிவந்திருந்தது, கமபோகோவின் சிவப்பு. முதலாளியைப் பார்த்தார், நடுவர்களைப் பார்த்தார், கடைசியில் மினோவாவின் கட்டைப் பார்த்தார்.

"கற்றுக்கொண்டேன்," என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "வெள்ளரிக்கா என் வாயிலேர்ந்து வந்தது" என்றார். 'இன்றே செய்கிறேன்' சொல்ல மறந்துவிட்டார்.

மீதி இருந்தது முதலாளி. திட்ட முடியாது, மறுக்க முடியாது, கேள்வி கேட்க முடியாது. எல்லா விதியும் அவர் போட்டது. எப்படியாவது கூட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வழக்கமாக முடிக்கிறபடியே முடித்தார். ஆள்காட்டி விரலை நெஞ்சில் குத்தி, கூரை அதிர,

"காரணம் நானே!"

நாங்கள் திருப்பிக் கத்த வேண்டிய இடம் அது. என் வாய் திறக்கவில்லை. யாரோடும் பேசி வைத்துக்கொண்டதில்லை. மற்றவர்கள் கத்துவார்கள், என் ஒருத்தி குரல் குறைந்தால் தெரியாது என்றுதான் நினைத்தேன். எல்லாரும் அதையே நினைத்திருக்கிறார்கள் போல. ஒரு குரலும் வரவில்லை. அவர் சொன்னது மட்டும் ஓட்டுக் கூரையில் பட்டு, ஈரத் தரையில் பட்டு, எங்கள் நடுவில் வந்து நின்றது.

"அடடா," என்றார் வயதான நடுவர், உண்மையாகவே நெகிழ்ந்து போய். "தலைமையே, தனியா நின்னு, எல்லார் முன்னாடியும் ஏத்துக்கறது... எந்தக் கம்பெனிலயும் பாத்ததில்ல."

முதலாளியின் விரல் நெஞ்சிலேயே இருந்தது. எடுத்தால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான் மெஷினுக்குப் போய் மூடியை இறக்கினேன். டக்கென்று சத்தம். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக என் தோள் தளர்ந்தது. தளர்ந்ததும் கோபம்தான் வந்தது, இவ்வளவு சின்னச் சத்தமா என்று.

மினோவா காந்தத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு இபுகாவின் முன்னால் போய் நின்றாள்.

"இபுகா-சான், ஆஸ்பத்திரிக்கு மறுபடி போகணும். வெள்ளரிக்கா இல்லேன்னு சொல்லணும். வண்டி எடுக்கறீங்களா, நான் பஸ்ல போகட்டுமா?"

இபுகா முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.